கப்பலில் பெண்கள் போனார்களா?

திருநெல்வேலிக்குத் தெற்கே ரெட்டியார்பட்டி மலைப்பகுதியில் பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி ஆகிய ஊர்களில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தவை அங்கே இருக்கின்றன. நான் போன அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம். கொற்கைக்கான பகுதியில் கடல் வணிகம் ஒளியும் ஒலியுமாக விரிந்துகொண்டிருந்தது. அலைச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "எக்கா, பொம்பளையாளுவ இந்தக் கப்பல்ல போயிருக்காவளா?"

"தெரியலம்மா. படிச்சுப் பாக்கணும்" என்றேன். அவள் அதோடு விட்டுவிட்டுத் தோழிகளோடு ஓடிவிட்டாள். வரலாறு படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அந்தப் பதில் உறுத்தியது. கடந்த சில மாதங்களாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காட்சி வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். பழைய அருங்காட்சியகத்தில் நமக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருந்தது. நாம் இந்தப் பக்கம், காலம் அந்தப் பக்கம். இப்போது உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்வையாளரை உள்ளே அழைக்கின்றன. தொட்டால் வரைபடம் விரிகிறது, தலையில் மாட்டினால் கடல் சூழ்கிறது. படிப்பறிவு குறைந்தவரும் சின்னப் பிள்ளைகளும் வரலாற்றை உடம்பால் உணர முடிகிறது. இது நல்லதுதான். ஆனால் உள்ளே அழைக்கப்படும் நாம் யாராக உள்ளே போகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கடற்பயணக் காட்சிகளில் பார்வை பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில் வைக்கப்படுகிறது. கரை பின்னால் போய்ச் சிறுத்து மறைகிறது. அடுத்த துறைமுகம் எதிரே வருகிறது. அந்தக் கண்கள் சரக்குக்கு உரிமையுள்ள ஒருவரின் கண்கள். சுக்கான் பிடித்தவனின் கண்ணாகக்கூட இருக்கலாம். கரையில் நின்று அந்தக் கப்பல் சிறுத்து மறைவதைப் பார்த்தவளின் கண்ணாக அது இருப்பதில்லை. சரக்கோடு சரக்காக அடித்தளத்தில் கிடந்தவளின் கண்ணாகவும் இருப்பதில்லை. அந்த மாணவி கேட்டதன் உட்பொருள் இதுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தக் கப்பலில் நான் யாராக நிற்பது?

திரைக்குப் பின்னால் இருக்கும் சான்றுகள் இந்த விஷயத்தில் கஞ்சத்தனமானவை. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று படிக்கப்பட்ட பெயர்கள் அவற்றில் உண்டு. பெரெனிகே துறையிலும் ஒரு பானை ஓட்டில் கொறபூமான் என்ற பெயர். எல்லாம் ஆண் பெயர்கள். பானையில் பெயர் எழுதுவது உடைமையைச் சொல்வது. உடைமை யாரிடம் இருந்ததோ அவர் பெயர்தான் மண்ணுக்குள் தங்கும். அதே பெரெனிகேயில் மிளகோடு அரிசியும் பாசிப்பயறும் தேங்காயும் கிடைத்திருக்கின்றன. மிளகு சந்தைக்குப் போனது. அரிசியும் பயறும் பெருமளவு அடுப்புக்குப் போயிருக்கும். அந்த அடுப்பை மூட்டியவர் யார் என்று ஓடு சொல்லவில்லை. ஆணாகவும் இருக்கலாம், கப்பலில் சமைக்கும் ஆண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சான்று இல்லாத இடத்தில் பெண்ணைக் கொண்டுபோய் உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆணை உட்காரவைக்கும்போது மட்டும் யாரும் சான்று கேட்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்கள் கடலில் போகவில்லை என்பவர்கள் கையில் ஒரு வலுவான ஆதாரம் இருக்கிறது. அது தொல்காப்பியம். முந்நீர் வழக்கம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்று பொருள்படும் ஒரு நூற்பா அகத்திணையியலில் வருகிறது. இளம்பூரணர் இதைக் கடற்பயணமாகவே கொள்கிறார். தரைவழியே பிரியும்போது தலைவியை உடன் அழைத்துப் போவதுண்டு, கலத்தில் போகும்போது இல்லை என்பது அவர் உரையின் சாரம். பின்னால் வந்த நச்சினார்க்கினியர் முந்நீர் என்பதைக் கடலாகவே கொள்ளவில்லை. ஓதல், தூது, பொருள் என்ற மூன்று காரணங்களால் நேரும் பிரிவு என்று சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்கிறார். அப்படிப் பார்த்தால் கல்விக்கோ அரசு வேலைக்கோ சம்பாத்தியத்துக்கோ போகும் ஆண் பெண்ணை உடன் கொண்டு போவதில்லை என்று விலக்கு இன்னும் அகலமாகிறது. இரண்டு உரைகளுக்கு நடுவே தலைவிக்கு வெளியேற ஒரு சந்துகூட இல்லை.

ஆனால் அந்த நூற்பா எங்கே நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அது துறைமுகத்தில் ஒட்டிய அறிவிப்பு அல்ல. அகப்பாட்டில் எதைப் பாடலாம் என்று சொல்லும் இலக்கணம். அகப்பாட்டின் உயிரே பிரிவு. தலைவனோடு தலைவியும் கப்பல் ஏறிவிட்டால் நெய்தல் நிலத்தில் இரங்குவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். கவிதைக்குக் காத்திருக்கும் பெண் தேவைப்பட்டாள், அதனால் அவள் கரையில் நிறுத்தப்பட்டாள். இன்னொன்று, அங்கே பேசப்படுபவள் தலைவி. வேலைக்காரி, கூத்தி, அடிமை, உப்பு விற்பவள், மீன் உணக்குபவள் இவர்கள் போனார்களா இல்லையா என்பது அந்த நூற்பாவின் கவலையே அல்ல. சங்கப் பாடல்களில் உமணர் குடும்பங்கள் உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போகின்றன, பெண்கள் உப்புக்கு நெல் மாற்றுகிறார்கள். உயர்குடிப் பெண்ணுக்குச் சொன்ன ஒழுக்கத்தை எல்லாப் பெண்களின் வரலாறாக எடுத்துக்கொள்வது நம் பாடப்புத்தகங்களின் பழைய வழக்கம்.

இலக்கணத்தை விட்டுக் கதைகளுக்கு வந்தால் கடல் அவ்வளவு மூடிக் கிடக்கவில்லை. இலங்கையின் மகாவம்சம் விஜயனின் கதையைச் சொல்கிறது. தீவில் தன்னை ஏற்றுக்கொண்டு தனக்குப் பிள்ளைகளும் பெற்ற குவேனியை அவன் விலக்குகிறான். மதுரைப் பாண்டியனின் மகளைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். பாண்டியன் தன் மகளையும், விஜயனின் தோழர்களுக்காக வேறு பல பெண்களையும், கூடவே 18 தொழிற்குழுக்களைச் சேர்ந்த 1,000 குடும்பங்களையும் கப்பலில் அனுப்பிவைக்கிறான். அவர்கள் மாதோட்டத்தில் இறங்குகிறார்கள். அதே நூலில் அசோகனின் மகள் சங்கமித்தை போதிமரக் கிளையோடு கடல் தாண்டி வந்து யாழ்ப்பாணக் கரையில் இறங்குகிறாள். விஜயன் கதை வரலாறு அல்ல, புனைவு. இருந்தாலும் பெண்களைக் கூட்டமாகக் கப்பலில் ஏற்றி அனுப்புவது எழுதியவருக்கும் கேட்டவர்களுக்கும் வியப்பான சங்கதியாக இல்லை என்பதை அந்தப் புனைவு சொல்லிவிடுகிறது. அதோடு இன்னொன்றையும் சொல்கிறது. அந்தப் பெண்கள் பயணம் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். யானை, குதிரை, கைவினைஞர் என்ற பட்டியலில் அவர்களும் ஒரு வரிசை.

மணிமேகலைக் காப்பியம் இன்னும் சுவாரசியமானது. கடலில் போகிறவர்களைக் காக்கும் மணிமேகலா தெய்வம் பெண். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் தீவில் கரை ஒதுங்குகிறான், அவன் இறந்தான் என்று கேட்டு அவள் இங்கே தீயில் இறங்கத் துணிகிறாள். கதைத் தலைவி மணிமேகலையும் மணிபல்லவத் தீவுக்குப் போகிறாள், சாவக நாட்டுக்கும் போகிறாள். ஆனால் கப்பலில் அல்ல, வான்வழியே. அவளைத் தொடர்ந்து மணிபல்லவத்துக்கு வரும் மன்னன் புண்ணியராசன் கப்பலில் வருகிறான். சாத்தனாருக்குத் தன் துறவிப் பெண்ணைக் கடல் கடத்த வேண்டியிருந்தது. மாலுமிகளுக்கு நடுவே ஒரு இளம்பெண்ணைத் தனியாக உட்காரவைப்பதைவிட மந்திரம் கொடுத்துப் பறக்கவைப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. காப்பியத்துக்கு இந்தத் தடங்கல் இருந்தது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

இனி கொற்கைக்கே வருவோம். இன்று கொற்கை கடற்கரை ஊர் அல்ல. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் பழையகாயலுக்கும், பிறகு காயல்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்துபோனது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது சங்கு அறுத்த தடயங்கள் கிடைத்தன. கரிமச் சோதனையில் கி.மு. 785 என்ற காலம் வந்தது. அறுத்த சங்கு பெரும்பாலும் வளையலுக்குப் போனது. அந்த வளையல்கள் யார் கைக்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் வணிகம் என்றதும் நமக்குப் பாய்மரம்தான் கண்ணில் வருகிறது. அந்தப் பாய்மரத்தை நகர்த்திய தேவைகளில் பெண்கள் அணிந்ததும் ஒன்று.

முத்தும் அப்படித்தான். கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. பாண்டிய நாட்டின் பெருமை என்று நாம் ஒளியூட்டிக் காட்டும் முத்தின் அடியில் மூச்சுத் திணறிய உடல்கள் இருக்கின்றன. பின்னாளில் முத்துக்குளித்துறையில் ஒரு வழக்கு சொல்வார்கள்: குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் மேலே நின்று பிடிப்பான், ஏனென்றால் கயிறு நழுவினால் தாலி அறுவது அவன் அக்காளுக்கோ தங்கைக்கோ. இதில் எவ்வளவு நடைமுறை, எவ்வளவு கதை என்பது ஒருபுறம் இருக்கட்டும். படகில் இல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தக் கயிற்றில் தொங்கியதை அந்தக் கரை அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். அந்த வேறுபாட்டில் ஒரு ஆண் கொலையுண்டது தவறென்று நிரூபணமாயிற்று. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகவும் அந்நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. கடலிலிருந்து எடுத்தது கடைசியில் ஒரு பெண்ணின் காலில் போய் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கடல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப இப்போது பலர் ஒரு ராணியைக் கொண்டுவருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கொரிய நூலான சாம்குக் யூசா, அயுதா என்ற நாட்டிலிருந்து கி.பி. 48இல் ஒரு இளவரசி கப்பலில் வந்து கயா நாட்டு அரசர் சூரோவை மணந்ததாகச் சொல்கிறது. அயுதா அயோத்தி என்று வடக்கே ஒரு கட்சி. பொதிகை மலையை ஆண்ட ஆய் நாடு என்று தெற்கே ஒரு கட்சி. இரண்டுக்கும் பெயர் ஒலியைத் தவிர உறுதியான சான்று இல்லை. நம் ஊர்ப்பெண் கொரியாவுக்கு ராணியானாள் என்று கேட்க இனிக்கத்தான் செய்கிறது. பெண்ணிய வரலாறு இந்த இனிப்பை விலக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு ராணியை மேல்தளத்தில் நிறுத்திவிட்டால் அடித்தளத்தில் இருந்தவர்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். தேடினால் அவர்கள் கிடைக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் அல்ல, நம் பூட்டிகளின் காலத்தில்.

தூத்துக்குடியின் கப்பல் என்றதும் நமக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டணத்தைக் கொடுத்துக் கப்பலில் ஏறியவர்கள் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இரண்டு கம்பெனிகளும் போட்டி போட்ட வழித்தடத்தில் வியாபாரிகள் போனார்கள், எழுத்தர்கள் போனார்கள். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இலங்கை மலைக்குப் போன கூலிக்குடும்பங்களும் அந்தக் கடலைத்தான் கடந்தன. தூத்துக்குடி பக்கத்தில் தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைத்து உடம்பைச் சோதிக்கும் முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குப் படகும் வந்த பிறகு மண்டபம் முகாம் பெரிதாயிற்று. கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்தக் கடன் துண்டு என்ற தாளில் ஆளைத் தொடர்ந்து வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகரவில்லை ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். சரக்குக்கு முத்திரை குத்துவது போலத்தான்.

இந்தக் கப்பல்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு ஊகம் வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பு பெண்களின் வேலையாக ஆக்கப்பட்டதால் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டியிருந்தது. அவர்களுடைய உழைப்புக்கு என்ன விலை என்பதும் அச்சில் இருக்கிறது. இலங்கையில் 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று தீர்மானித்தார்கள். மலையேறி அதே மழையில் நனைந்ததற்கு 11 சதம் குறைவு. அந்த 43 சதமும் அவள் கைக்கே வந்ததா, புருஷன் கைக்கோ கங்காணி கைக்கோ போனதா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு கதை.

இன்னும் தொலைவான கடல்களுக்கும் போனார்கள். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. 1903 முதல் பிஜிக்கும் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. தொல்காப்பியம் பெண்ணுக்குக் கடல் இல்லை என்றது. காலனிய அரசோ இத்தனை பெண் இல்லாமல் கப்பல் நகரக் கூடாது என்றது. இரண்டிலும் பெண் ஒரு கணக்கு. ஆனாலும் இந்த இரண்டாவது கணக்கால் ஒன்று நடந்தது. கப்பல் பதிவேடுகளில் பெண்களின் பெயர் ஏறியது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஊரில் எந்த ஓலையிலும் கல்லிலும் பெயர் ஏறாத ஏழைப் பெண்கள் முதன்முதலில் ஆவணத்தில் தனி ஆளாக வந்தது அவர்களைக் கூலியாக ஏற்றிய தாளில்தான். இதை நினைத்து மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

அந்த 40 பேரில் விதவைகள் இருந்தார்கள், கைவிடப்பட்டவர்கள் இருந்தார்கள், அடி தாங்காமல் ஓடிவந்தவர்கள் இருந்தார்கள், புருஷனோடு போனவர்களும் இருந்தார்கள். தோட்டத் துரைகள் அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்றார்கள். ஊரும் அதையேதான் சொன்னது. தேசிய இயக்கம் அவர்களுக்காகக் கண்ணீர் விட்டது. எட்டயபுரத்துப் பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபடும் பெண்களைப் பற்றிப் பாடினார். அவர்கள் மீதான கொடுமைகள் எழுப்பிய கோபம் ஒப்பந்தக் கூலிமுறையை 1917இல் நிறுத்தியதில் ஒரு பங்கு வகித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதில் பெரும்பகுதி நாட்டின் மானம் போகிறதே என்ற கோபம். போனவள் ஏன் போனாள், ஊரில் எதை விட்டுத் தப்பினாள் என்று கேட்டவர்கள் குறைவு. திருநெல்வேலி எழுத்தாளர் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டியின் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அவள் பட்ட கொடுமை கடலுக்கு அந்தப் பக்கம் தொடங்கவில்லை, வாசவன்பட்டியிலேயே தொடங்கிவிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கதை இன்னும் சுடுகிறது.

பெயர் நிலைப்பது என்றால் என்ன என்பதற்குப் பாளையங்கோட்டையிலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. சாரா டக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷன் பணியில் இருந்த அண்ணன் வழியாகக் கேள்விப்பட்டு, இங்குள்ள பெண்களின் படிப்புக்காக எழுதினார், பணம் திரட்டினார். 1895இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. நம் ஊரில் எத்தனையோ பெண்களைப் படிக்கவைத்த பெயர் அது, நன்றியோடுதான் சொல்கிறேன். கப்பல் ஏறாத ஒரு பெண்ணின் பெயர் கடல் தாண்டி வந்து இங்கே கல்லில் நிற்கிறது. இங்கிருந்து கப்பல் ஏறிய பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட ஒரு தெருவில் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். ஆச்சியின் அக்கா. அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரை ஊர். பதினெட்டு வயதுக்குள் தாலியறுத்தவள், ஒரு நாள் கங்காணி கூட்டத்தோடு போய்விட்டாள். வீட்டில் அவளைக் "கண்டிக்குப் போனவ" என்று மட்டும்தான் சொல்வார்கள். பிறந்த பெண்பிள்ளைகள் யாருக்கும் அவள் பெயரை வைக்கவில்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது ஆச்சியிடம் அவள் பெயரைக் கேட்டேன். "தண்ணி தாண்டிப் போனவ பேரு இப்ப என்னத்துக்கு?" என்று எழுந்து போய்விட்டார். வெட்கத்தால் மறைத்தார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு விதவைத் தங்கையாகவோ மருமகளாகவோ அந்த வீட்டில் மூலையில் கிடந்து சாகாமல் வெளியேறிவிட்ட ஒருத்தியை, திரும்பத் திரும்பப் பேசித் தீட்டாக்க ஆச்சிக்கு மனம் வரவில்லையோ என்னவோ. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பலில் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் திரும்பிவந்தன. அவர்களில் அவளோ அவள் பிள்ளைகளோ இருந்தார்களா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறையில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகள் இறங்கி ஏறிய படிக்கட்டுகளை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று, 2014இல் அதனருகே விளக்க மையம் வந்தது. அந்த நாட்டின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளும், 1860களுக்குப் பின் எடுத்த அவர்களுடைய புகைப்படங்களும் இருக்கின்றன. பேரன் பேத்திகள் வந்து தங்கள் பூட்டியின் முகத்தைத் தேடி எடுக்கிறார்கள். அங்கே பார்வையாளர் வணிகனாக நிற்பதில்லை. படியேறி வந்த ஒருவரின் பேத்தியாக நிற்கிறார். கடற்பயணத்தைக் காட்ட அப்படியும் ஒரு இடம் உண்டு.

தாமிரபரணிக் கரையிலும் அது முடியும். கொற்கையின் முத்தையும் சங்கையும் எடுக்கவோ மறைக்கவோ வேண்டாம். ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் ஒரு பெண் உருவம் இருக்கிறது. பக்கத்தில் பயிர், பறவை, மான், முதலை. அந்த மண்ணில் நிற்பவளாக அவளை யாரோ செய்துவைத்தார்கள். அவளுக்கும் கொற்கைக் கப்பலுக்கும் தட்டப்பாறை முகாமுக்கும் ஒரே ஆறுதான் வழி. வரைபடத்தைத் தொட்டால் ரோமுக்கும் எகிப்துக்கும் கோடு நீள்வது போல நேட்டாலுக்கும் பிஜிக்கும் நுவரெலியாவுக்கும் கோடு நீளட்டும். கோட்டின் முனையில் பதிவேட்டுப் பெயர்கள் வரட்டும். ஒரு தடவையாவது பார்வையைக் கரையில் வைத்துக் கப்பல் சிறுத்து மறைவதைக் காட்டட்டும். பிள்ளைகள் அப்போதும் கூச்சல் போடுவார்கள். சிலர் கேள்வி கேட்பார்கள்.

அந்த மாணவிக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். போனார்கள் தாயி. சிலரை அனுப்பினார்கள், சிலரை ஏமாற்றி ஏற்றினார்கள், சிலர் தாமாகவே போனார்கள். நீ திரையில் பார்த்த கப்பலில் போனார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் கட்டாயம் போனார்கள்.

ஆச்சி சாவதற்கு முந்தின வருஷம், நான் கேட்காமலே ஒரு நாள் சொன்னார். அக்கா போன அன்று விடியற்காலம் தான் விழித்துக்கொண்டதாகவும், அவள் கையில் ஒரு ஓலைப்பெட்டி இருந்ததாகவும், அதற்குள் இரண்டு சேலையும் கொஞ்சம் சில்லுக்கருப்பட்டியும் வைத்ததைத் தான் பார்த்துக்கொண்டே பேசாமல் படுத்திருந்ததாகவும் சொன்னார். "ஏன் ஆச்சி அம்மாவ எழுப்பல?" என்றேன். "எழுப்பினா போவ விட்டிருக்க மாட்டாவல்லா" என்றார்.